பதினோராம் பிரேமில் நின்றவள்

முதல் அநியாயம் 1974-இல் நடந்தது: சாப்பாட்டு மணி அடித்த பிறகு மில் வாசல் வேப்பமரத்தடியில் நின்று, யாரோ பேசிய கூட்டத்தைக் கால் மணி நேரம் கேட்டதற்காகப் பட்டீஸ்வரனின் அப்பா பெயர் மஸ்டர் ரோல் என்னும் வருகைப் பதிவேட்டிலிருந்து அடிக்கப்பட்டது. இரண்டாவது 1976-இல்: உள்ளே உட்கார்ந்து பீடி குடிக்கிறார்கள் என்று சொல்லி ஆண்கள் கக்கூஸின் ஆறு கதவுகளையும் கழற்றி, அவற்றையே விறகாக்கிக் கேண்டீனில் சாம்பார் வைத்தார்கள். மூன்றாவது 1979-இல்: டைம் ஆபீஸ் கடிகாரம் காலையில் நான்கு நிமிடம் முந்தவும் மாலையில் நான்கு நிமிடம் பிந்தவும் கற்றுக்கொண்டது. நான்காவது 1981-இல்: கைக்குழந்தைக்காரிகள் பால் கொடுக்கப் போன நேரத்தை லீவாகக் கழித்தார்கள். ஐந்தாவது 1983-இல்: கூட்டிப் பெருக்குகிறவர்களின் டம்ளர்களுக்கு மட்டும் அடியில் சிவப்புப் பெயிண்டால் பொட்டு வைத்தார்கள். ஆறாவது 1987-இல்: ஸ்பின்னிங் ஹாலின் கூரைக் கண்ணாடிகள் அத்தனைக்கும் ஒரே நாளில் கறுப்புப் பெயிண்ட் அடித்தார்கள். ஏழாவது 1995-இல்: தீபாவளிக்கு முந்தின நாள் கேட்டில் கதவடைப்பு அறிவிப்பை ஒட்டினார்கள். எட்டாவது 2021-இல்: அதே மில்லின் அதே டைம் ஆபீஸில், கண்ணாடி போட்ட ஒரு பையன் பட்டீஸ்வரனை எதிரில் உட்காரவைத்து, "இந்த வயசுல எதுக்கு சார் முதுகலைப் படிப்பு?" என்று சிரித்துக்கொண்டே கேட்டான்.

இந்த வரிசையில் ஒன்றைக்கூட முன்பின் மாற்றிச் சொல்ல அவர் விடமாட்டார். யாராவது ஐந்தாவதை நான்காவதற்கு முன் சொல்லிவிட்டால் கையை உயர்த்தி நிறுத்துவார், கூட்டத்தில் மைக் பிடித்தவரை நிறுத்துவதுபோல.

அவருக்கு அறுபத்து மூன்று வயது. கமலவேணி மில்லில் வயர்மேனாக இருந்தவர், எழுத்துக் கூட்டிப் படிக்கப் பள்ளிக்கூடத்தில் கற்றதைவிடப் பசை வாளியைத் தூக்கிக்கொண்டு சுவரொட்டி ஒட்டப் போன தெருக்களில் அதிகம் கற்றவர், சங்கத்தின் நோட்டீஸ்கள் எல்லாவற்றையும் பத்தொன்பது வருடம் தானே எழுதியவர். மில் மூடிய பிறகு, சாயங்கால வகுப்பில் ஏழு வருடம் உட்கார்ந்து எலக்ட்ரிக்கல் பட்டம் வாங்கினார். பாழடைந்து கிடந்த மில்லை ஒரு டிசைன் கல்லூரியாக மாற்றி, கட்டட ஒளியமைப்பில் இரண்டு வருட முதுகலைப் படிப்பு என்று பலகை வைத்தபோது, அந்தப் பலகையை பஸ்ஸிலிருந்து பார்த்து அடுத்த ஸ்டாப்பில் இறங்கி நடந்தே திரும்பி வந்து விண்ணப்பம் வாங்கினார். கேட்டவர்களுக்கெல்லாம் ஏழாவது அநியாயத்துக்குப் பதில் என்றார். உண்மை என்னவென்றால், தொழிலாளி அட்டையைக் காட்டிப் பக்கவாட்டுச் சந்தில் நுழைந்தே பழகிய கால்களுக்கு ஒருமுறை முன்வாசல் வழியாக உள்ளே போக வேண்டும் என்று ஆசையாக இருந்தது.

பிற்காலத்தில் அந்த இரண்டு வருடங்களை நினைக்கும்போது, இத்தனை போராட்டங்களிலும் கிடைக்காத ஏதோ ஒன்று அந்த வகுப்பறையில் கிடைத்ததுபோல அவருக்குத் தோன்றும். உடனே இருமிக்கொள்வார். வகுப்பில் ஒன்பது பேர். எட்டுப் பேருக்கு இருபத்தைந்து வயது ஆகவில்லை. பாடம் நடத்தியவர் மெர்லின், நாகர்கோவில் பக்கத்துப் பெண், முப்பத்தாறு வயது, எதற்கும் குரலை உயர்த்தாதவர். முதல் மாதம் முழுவதும் ஒரே பயிற்சி: வெள்ளைத் தாளின் மேல் வெள்ளை முட்டை, ஒரு விளக்கு; முட்டை உருண்டை என்பது தெரிய வேண்டும், உடைந்துவிடும் என்பதும் தெரிய வேண்டும்.

"வெளிச்சத்தை யாரும் பார்க்கிறது இல்ல," என்றார் மெர்லின். "அது எங்க விழுதோ அதைத்தான் பார்க்கிறோம். அதனால வெளிச்சத்தை வரையாதீங்க, விழுற இடத்தை வரைங்க."

ஒவ்வொருவரும் வெளிச்ச நாட்குறிப்பு எழுத வேண்டும் என்பது விதி. மற்றவர்கள் பஸ் ஜன்னல், டீ கிளாஸ், அம்மாவின் மூக்குத்தி என்று எழுதினார்கள். பட்டீஸ்வரனின் நாட்குறிப்பு இப்படி இருந்தது: 'ரேஷன் கடையில் ஒரே ஒரு டியூப்லைட், அதுவும் எடைபோடும் தராசின் பக்கம் அல்ல, கல்லாவின் பக்கம். இது தற்செயல் அல்ல.'

வாணியம்பாடியிலிருந்து வந்திருந்த தஸ்லீமா அதை வகுப்பில் உரக்கப் படித்துவிட்டு, "தோழர், அடுத்தது என்ன, டியூப்லைட்டை முற்றுகையா?" என்றாள். வகுப்பே சிரித்தது. அவரும் சிரித்தார். அன்றிலிருந்து எல்லோருக்கும் அவர் தோழர். கேலியாக ஆரம்பித்தது, அரையாண்டுக்குள் வெறும் பெயராகிவிட்டது.

இரண்டாம் வருடத்தின் ஜூலையில், பழைய ஸ்பின்னிங் ஹாலை மாணவர்களுக்கு ஸ்டூடியோவாகக் கொடுத்தார்கள். ரம்பப் பற்களைப்போல மேலேறி மேலேறி இறங்கும் கூரை, ஒவ்வொரு பல்லிலும் வடக்கைப் பார்த்த கண்ணாடி வரிசை, நூல் அறுந்தால் கண்ணுக்குத் தெரிய வேண்டுமென்று தொண்ணூறு வருடத்துக்கு முன் யாரோ ஒரு புத்திசாலி கட்டியது. முப்பத்தைந்து வருடமாக அந்தக் கண்ணாடிகளில் கறுப்புப் பெயிண்ட் இருந்தது. மூன்று ஆட்கள் பிளேடு வைத்து நான்கு நாள் சுரண்டினார்கள். ஐந்தாம் நாள், செவ்வாய்க்கிழமை, தென்மேற்கு மழை கொட்டிக்கொண்டிருந்த பகல் இரண்டு நாற்பதுக்கு, வானம் சாம்பல் நிறத்தில் இறங்கிக் கிடந்த நேரத்தில், ஹாலுக்குள் காய்ந்த மார்ச் மாதத்து வெயில் வந்தது.

வெளியே மழை, உள்ளே வெயில். பெயிண்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் அடைபட்டிருந்த வெளிச்சம் வெளியே வருகிறது என்று கோயா சொன்னார். கல்லூரி வாசலில் டீக்கடை வைத்திருந்தவர், பாய்லரை அப்படியே விட்டுவிட்டுப் பார்க்க வந்திருந்தார். அதைவிட நல்ல காரணத்தை அதற்குப் பிறகும் யாரும் சொல்லவில்லை, யாரும் தேடவும் இல்லை. வெளிச்சத்தோடு நிழல்களும் வந்தன. இருபது வருடத்துக்கு முன்பே இரும்புக்கடைக்குப் போய்விட்ட ரிங் பிரேம் என்னும் நூற்பு எந்திரங்களின் நிழல்கள் வெறும் தரையில் வரிசையாக நின்றன, அவற்றினூடே இருபத்திரண்டு ஆட்களின் நிழல்கள் குனிந்து நிமிர்ந்து அறுந்த நூலை இணைத்துக்கொண்டிருந்தன. இருபத்து மூன்றாவது ஆளாக, கடைசித் தூணருகே, ஏணி மேல், தலை நிறைய முடியோடு ஒருவன் டியூப்லைட்டைத் திருகிக்கொண்டிருந்தான். பட்டீஸ்வரன் தன் வழுக்கையைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

யாரும் கத்தவில்லை. மெர்லின், "மீட்டரை எடுங்க," என்றார். வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் அறுநூற்று நாற்பது காட்டியது, தஸ்லீமா குறித்துக்கொண்டாள். பதினேழு நிமிடம் கழித்து வெளிச்சம் போய்விட்டது, மழை மட்டும் இருந்தது. மறுநாள் அதே நேரம், அதே அறுநூற்று நாற்பது. ஒரு வாரம் அளந்த பிறகு மெர்லின் ஒரே ஒரு ஆட்சேபணை சொன்னார்: "வடக்கு வெளிச்சத்துக்கு இவ்வளவு கூர்மையான நிழல் விழாது. மத்தபடி எல்லாம் சரியா இருக்கு."

செய்தி மில் தொழிலாளர்களின் லைன் வீடுகளுக்குப் போனது, அங்கிருந்து ஒண்டிப்புதூர், இருகூர், சூலூர் என்று போனது. பழைய ஆட்கள் முதியோர் பஸ் பாஸை எடுத்துக்கொண்டு வர ஆரம்பித்தார்கள், முதலில் மூவர், பிறகு பத்துப் பேர், பிறகு வரமுடியாமல் செத்துப்போனவர்களின் பிள்ளைகள். வந்தவர்கள் செருப்பை வாசலில் விட்டார்கள், விடச் சொல்லி யாரும் சொல்லவில்லை. கல்லூரி அவர்களுக்குப் பார்வையாளர் சீட்டுக் கொடுத்தது, வாட்ச்மேன் அதில் கையெழுத்து வாங்கினார், கையெழுத்துப் போட்டவர்கள் அவரவர் நிழலைத் தேடிப் போய்ப் பக்கத்தில் நின்றுகொண்டார்கள், முட்டி வலிக்காரர்கள் உட்கார ஸ்டூல் கொண்டுவந்தார்கள், ஸ்டூலுக்கு மாணவர்கள் பெயர் எழுதிவைத்தார்கள். எதிர்த்தெருத் தையல் பெண்கள், பொய் சொல்லாத வெளிச்சம் என்று சொல்லி, பிளவுஸ் துணிக்கும் நூலுக்கும் நிறம் பொருந்துகிறதா என்று பார்க்க அந்தப் பதினேழு நிமிடத்துக்கு வந்து போனார்கள். ஒருத்தி அப்பளம் காயவைத்துப் பார்த்தாள். பழைய வெயிலில் அப்பளம் காயாது என்று தெரிந்தது. போட்டோ எடுத்தால் வெறும் தரைதான் விழுந்தது. அதனால் மாணவர்கள் உட்கார்ந்து கையால் வரைந்தார்கள்.

சண்டையும் வந்தது. "ஏனுங்க, நீங்க மூணாம் பிரேம்ல நிக்காம ஏழாம் பிரேம்கிட்ட என்னுங்க வேலை?" என்று ஒரு கிழவி தன் புருஷனைக் கேட்டாள். ஏழாம் பிரேம் அந்தக் காலத்தில் சரசுவதியுடையது. சரசுவதியும் அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

"பாபின் கேக்க வந்திருப்பாருங்க்கா," என்றார் சரசுவதி.

"முப்பத்தஞ்சு வருசமா அந்தப் பாபினு வூடு வந்து சேரலீங்களே."

ஹால் முழுக்கச் சிரிப்பு. புருஷன் தன் நிழலைப் பார்த்து, "நீ வாயத் தொறக்காத," என்றார். அந்தச் சிரிப்பில், பஞ்சுத் தூசி தின்ற நெஞ்சுகள் எல்லாம் ஒன்றாக இருமின. இடுப்பு இருந்த காலம், பல் இருந்த காலம், மாதம் இரண்டு முறை சினிமாவுக்குப் போன காலம் தரையில் விழுந்து கிடந்தது; அதை வதைத்த காலம் என்று நோட்டீஸ் நோட்டீஸாக எழுதியவர் பட்டீஸ்வரன், ஆனால் அவருக்கும் அதன் மேல் காலை வைக்க மனம் வரவில்லை.

ஒரு வழக்கம் மட்டும் யாரும் பேசி வைக்காமல் வந்தது. பதினான்காவது நிமிடத்தில் எல்லாப் பழைய ஆட்களும் குனிந்து தங்கள் கால்களைப் பார்த்தார்கள். அந்த நிமிடத்தில், பதினோராம் பிரேமில் நின்ற குட்டையான பெண் நிழல் பிரேமின் பக்கம் கையை நீட்டும், நீட்டிய கை திரும்பி வராது. அந்த நிழலுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போடப்படவில்லை. அதைப் பதினொன்னு என்றே சொன்னார்கள்.

டிசம்பரில் கல்லூரி ஒரு முடிவு எடுத்தது. ஸ்டூடியோவுக்கு ஏசி வேண்டும், அதற்குக் கோடை விடுமுறையில் கூரைக் கண்ணாடிகளை மாற்ற வேண்டும். பட்டீஸ்வரன் மனு எழுதினார், கையெழுத்துத் திரட்டினார், வாசலில் ஒரு நாள் உட்கார்ந்தார், மாணவர்களும் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். நிர்வாக அதிகாரி ஹரிகோவிந்த் தண்ணீர் பாட்டில் கொடுத்தனுப்பினார். இந்தக் காலத்து நிர்வாகம் அப்படித்தான், அடிக்காது. கண்ணாடி மாற்றுவதை விட்டுத்தர முடியாது, ஆனால் ஒன்று செய்கிறோம் என்றார். இருபத்து மூன்று நிழல்களும் நின்ற இடத்தைக் குறித்து, இருபத்து மூன்று பெயர்களோடு, தரையில் பித்தளைத் தகடு பதிப்போம். வரைபடம் வேண்டும். அதையே பட்டீஸ்வரன் தன் இறுதி ஆண்டுத் திட்டமாக எடுத்துக்கொண்டார்.

"ஒரே நிபந்தனைங்க சார்," என்றார் ஹரிகோவிந்த். "பழைய மஸ்டர் ரோல் முதலாளி வீட்ல பத்திரமா இருக்கு. தகட்டுல வர்ற பேரு அதோட ஒத்துப்போகணும். ஒரு பேரு ஒத்துப்போகலேன்னாலும் எங்களுக்குச் சட்டச் சிக்கல். அப்படின்னா பேரே இல்லாம, 'உழைத்தவர்கள் நினைவாக'ன்னு பொதுவா போட்டுருவோம்."

மஸ்டர் ரோலில் 1987 மார்ச் பன்னிரண்டாம் தேதி, பதினோராம் பிரேமுக்கு நேராக இருந்த பெயர் ரங்கநாயகி.

பிப்ரவரியில் ரங்கநாயகி வந்தார். ஏழு மாதம் கூப்பிட்டும் வராதவர், அறுபத்தாறு வயது, இருகூரில் மகன் வீட்டில் இருந்தார். இரண்டு நாற்பதுக்கு வெளிச்சம் வந்ததும் நேராகப் பதினோராம் பிரேமுக்கு நடந்து, நிழலின் பக்கத்தில் நின்று, அதை மேலும் கீழும் பார்த்தார்.

"நான் அப்பவே நல்ல ஒசரமுங்க," என்றார் எல்லோரிடமும். "இது எந்தோளுக்குக்கூட வராது." பிறகு பட்டீஸ்வரனிடம் திரும்பினார். "அண்ணா, நீங்க சொல்லுங்க. இது நானா?"

"மஸ்டர்ல உம்பேருதான் இருக்குது ரங்கநாயகி."

"மஸ்டரு கெடக்குதுங்க. நெழலு ஆருது?"

தஸ்லீமா வரைவதை நிறுத்திவிட்டு அவர்களைப் பார்த்தாள். அந்த ஹாலில் இருந்த பழைய ஆட்கள் அத்தனை பேருக்கும் அந்தப் பெயர் தெரியும். பட்டீஸ்வரனுக்கும் தெரியும். அவர் வாயால் சொல்லும்வரை இந்தக் கதையும் அதைச் சொல்லாது. அதைச் சொல்லும் உரிமையும் பாரமும் அவருடையது.

அந்த மில்லில் அட்டைக்குத்தான் மதிப்பு, முகத்துக்கு அல்ல. நிரந்தரத் தொழிலாளிக்கு உடம்புக்கு முடியவில்லை, பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால், லீவு போட்டால் வேலைக்கு ஆபத்து. அதனால் தன் அட்டையைக் கொடுத்து வேறொரு பெண்ணைப் பதிலியாக அனுப்புவாள். டைம் கீப்பர் அட்டையைப் பார்த்து டிக் போடுவார். எல்லோருக்கும் தெரியும், யாரும் எழுதமாட்டார்கள். மூலனூரிலிருந்து வந்து அத்தை வீட்டில் தங்கியிருந்த அந்தப் பெண்ணுக்குப் பத்தொன்பது வயது. திங்கள்கிழமை சரசுவதி, செவ்வாய்க்கிழமை இன்னொருத்தி, வியாழக்கிழமை ரங்கநாயகி. வாரத்துக்கு ஆறு பெயர் அவளுக்கு, ஏழாவது நாள்தான் சொந்தப் பெயர்.

பதினோராம் பிரேமில் எர்த் வயர் அறுந்திருந்தது. வயர்மேன் பட்டீஸ்வரன் அதைப் புகார்ப் புத்தகத்தில் மூன்று முறை எழுதியிருந்தார். அந்தப் பக்கங்கள் பிறகு புத்தகத்தில் இல்லை. அவள் தொட்டபோது அவர் ஏணி மேல் இருந்தார். இறங்கி ஓடி மெயினை அணைத்தபோது நேரம் கடந்திருந்தது. மில் வேன் வந்து அவளைக் கொண்டுபோனது. சாயங்காலம் நிர்வாகம் சொன்னது: இருபத்து மூன்று அட்டை உள்ளே வந்தது, இருபத்து மூன்று அட்டை வெளியே போனது, ரங்கநாயகி உயிரோடு வீட்டில் இருக்கிறார், இங்கே யாரும் சாகவில்லை, அப்படி ஒரு பெண் பதிவேட்டில் இல்லை. கூரை மேலிருந்து கண்ணாடி வழியே பார்த்த ஆள் யாராவது இருக்கலாம், இனி யாரும் பார்க்கக் கூடாது என்று மறுநாள் கண்ணாடிகளுக்குப் பெயிண்ட் அடித்தார்கள்.

அன்று ஒரு சலூனின் மாடியில் சங்கத்தின் ஏழு பேர் உட்கார்ந்தார்கள். அவள் பெயரை அச்சடித்தால் அட்டை கொடுத்தது வெளியே வரும், அந்த மாதம் அட்டை கொடுத்த ஒன்பது பெண்களுக்கும் வேலை போகும். பட்டீஸ்வரன் பத்து நிமிடம் எதிர்த்துப் பேசினார். பிறகு உட்கார்ந்து எழுதினார். பதினெட்டுக் கோரிக்கைகள் கொண்ட நோட்டீஸ், அதில் நான்காவது: 'எல்லாப் பிரேம்களுக்கும் உடனே எர்த் வயர் இணைக்க வேண்டும்.' ஒரு மாதத்தில் இணைத்தார்கள். தன் வாழ்நாளின் பெரிய வெற்றி என்று அதைத்தான் ஒவ்வொரு மே தினத்திலும் சொல்லி வந்தார்.

அவளுடைய அண்ணன் மூன்று நாள் கேட்டில் நின்றான். ஷிப்ட் விட்டு வந்த ஒவ்வொருவரிடமும் பெயர், தகப்பன் பெயர், ஊர் எல்லாம் சொல்லிக் கேட்டான். மூன்றாம் நாள் பட்டீஸ்வரனிடம் கேட்டான்: "எந்தங்கச்சி இங்க வேலைக்கு வந்தாளுங்களாண்ணா?"

பட்டீஸ்வரன், "பதிவேட்டுல இல்லீங்க," என்றார்.

நிர்வாகம் சொன்ன அதே வாக்கியம். அநியாயங்களின் வரிசையில் ஆறாவதைச் சொல்லும்போதெல்லாம் அவர் பெயிண்டைப் பற்றி மட்டும் சொன்னது அதனால்தான்.

மார்ச்சில் இடைக்கால மதிப்பீடு. மெர்லின் அவருடைய வரைபடத்தை மேசையில் விரித்து வெகு நேரம் பார்த்தார். இருபத்து மூன்று நிழல்கள், ஒவ்வொன்றுக்கும் எண், ஓரத்தில் எண்ணுக்கு நேராகப் பெயர். பதினொன்றுக்கு நேராக வெற்றிடம்.

"சார், இது என்ன?"

"அது பாக்கி இருக்குதுங்க மேடம்."

"பிளான்ல ஒரு நம்பர் போட்டா அது என்னன்னு ஓரத்துல எழுதியிருக்கணும். ஒரு பல்பா இருந்தாலும் அதேதான். நீங்க எழுதாம விட்டா சைட்ல இருக்கிறவன் தனக்குத் தோணினதை மாட்டிட்டுப் போயிருவான்." கதை எதுவும் அவருக்குத் தெரியாது, எல்லா மாணவர்களுக்கும் சொல்வதைத்தான் சொன்னார். "வெத்திடத்தோட இதை நான் பாஸ் பண்ண மாட்டேன்."

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை அவர் வையாபுரியின் வீட்டுக்குப் போனார். வையாபுரி அன்று சங்கச் செயலாளர், இப்போது எழுபத்தொரு வயது, ஐந்தாம் பிரேமின் நிழல்.

"அந்தப் பேரைத் தகட்டுல போடப்போறேன்," என்றார் பட்டீஸ்வரன்.

வையாபுரி இருமி முடித்தார். "போட்டா மஸ்டரோட ஒத்துப்போகாது. மத்த இருபத்திரண்டு பேரு பேரையும் எடுத்துருவாங்க. செத்தவனுங்க பேரப் பிள்ளைக வந்து பாக்கறதுக்கு ஒரு எழுத்து இருக்காது. இதானுங்களா உங்க நாயம்?"

"தப்பான பேரைப் போட்டா?"

"தப்பான பேரை நாமதானுங்க தோழர் நிக்க உட்டோம். நாம ஏழு பேரு. அதுல அஞ்சு பேரு போயிட்டானுக. முப்பத்தாறு வருசம் கழிச்சு நம்ம நோட்டீசு பொய்யின்னு நாமளே சொல்லோணுமா?"

"பொய்யில்ல. பாதி."

"மறுபாதிய ஆரு தின்னதுன்னு கேப்பானுங்களே."

"நாந்தான்னு சொல்லிக்கறேன்."

"பெரிய்ய மனுசன்," என்றார் வையாபுரி கசப்பாக. "ஏணி மேல நின்னவனுக்கு எப்பவும் எல்லாருக்கும் மேலதான் நிக்கோணும்." காப்பி வந்தது. இருவரும் குடித்தார்கள். வாசல்வரை வந்து வையாபுரி, "நான் வர்றதா இல்லை," என்றார்.

ரங்கநாயகியிடம் கேட்கப் போனபோது அவர் துணி துவைத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. "எம்பேரை எடுங்க," என்றார். "அன்னிக்கு எம்மவனுக்கு நூத்தி மூணு காய்ச்சலு. தொட்டிலாட்டிட்டே இருந்தனுங்க. அவன் இன்னிக்கு லாரி வெச்சிருக்கான். அவ நெழலு மேல எம்பேரை எழுதுனா நான் எந்த மூஞ்சிய வெச்சுட்டுச் சாவேன்? எடுத்துருங்கண்ணா." அலசிய சேலையின் ஒரு நுனியை அவரிடம் நீட்டினார், இருவரும் பிடித்துப் பிழிந்தார்கள்.

ஏப்ரல் இருபத்தேழாம் தேதி இறுதித் தேர்வு. மே முதல் வாரத்தில் கண்ணாடியைக் கழற்ற ஆட்கள் வருவதாக இருந்தது. இப்போது அந்த ஹாலில் ஏசி ஓடுகிறது, புதுக் கண்ணாடி வழியே அன்றன்றைய வெளிச்சம் அன்றன்றைக்கு வந்து போகிறது, கோயா இன்னமும் இரண்டு நாற்பதுக்குப் பாய்லரைச் சிம்மில் வைத்துவிட்டு ஒரு நிமிடம் உள்ளே எட்டிப் பார்க்கிறார். தேர்வன்று ஹால் நிறைய ஆட்கள். சென்னையிலிருந்து தாடிவைத்த ஒரு ஆர்க்கிடெக்டும் பெங்களூரிலிருந்து ஒரு அம்மாளும் தேர்வாளர்கள். பக்கத்தில் ஹரிகோவிந்த், அவர் மடியில் முதலாளி வீட்டிலிருந்து வந்த மஸ்டர் ரோல், சிவப்புத் துணியில் சுற்றியது. தஸ்லீமாவும் மற்றவர்களும் ஸ்டூல் போட்டார்கள். பழைய ஆட்கள் சீட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுத் தங்கள் தங்கள் இடத்தில் போய் நின்றார்கள். ஐந்தாம் பிரேமின் ஸ்டூல் காலியாக இருந்தது.

பட்டீஸ்வரன் வரைபடத்தைச் சுவரில் மாட்டினார். கண்ணாடியின் சாய்வு, வடக்கு வெளிச்சம், நிழலின் நீளம், அறுநூற்று நாற்பது என்ற எண், எல்லாவற்றையும் இருபது நிமிடம் விளக்கினார். நோட்டீஸ் மொழியில் ஒரு வார்த்தைகூட வரவில்லை. மெர்லின் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார்.

"நல்லா இருக்கு," என்றார் ஆர்க்கிடெக்ட். "பதினொன்றாம் எண்ணுக்கு விளக்கம் இல்லையே?"

"சித்தெ பொறுங்க சார். வெளிச்சம் வரட்டும்."

இரண்டு நாற்பதுக்கு வந்தது. பெங்களூர் அம்மாள் தன் காலை மெதுவாகப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். பட்டீஸ்வரன் சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து, ஷிப்ட் தொடக்கத்தில் டைம் கீப்பர் கூப்பிடும் அதே ராகத்தில், ஒன்றாம் பிரேமிலிருந்து ஆரம்பித்தார்.

"ஒண்ணாம் பிரேம், மருதாசலம்."

"இருக்கேனுங்க."

"ரெண்டாம் பிரேம், லூர்துமேரி."

"அம்மா இல்லீங்க. மக இருக்கேன்."

அப்படியே போனது, இருக்கிறவர்களுக்கு அவர்களும், இல்லாதவர்களுக்குப் பிள்ளைகளும் குரல் கொடுத்தார்கள், ஒவ்வொரு குரலுக்கும் தரையில் ஒரு நிழல் குனிந்து நிமிர்ந்தது. "அஞ்சாம் பிரேம், வையாபுரி" என்றபோது பதில் இல்லை. அவர் தாளைப் பார்த்தபடி காத்திருந்தார். பிறகு வாசல் பக்கமிருந்து, செருப்பைக் கழற்றிக்கொண்டே, ஒரு இருமல் வந்தது.

"இருக்கேன். படிங்க."

பத்தாம் பிரேமுக்குப் பிறகு பன்னிரண்டு என்றார். ஹரிகோவிந்த் மஸ்டர் ரோலிலிருந்து தலையைத் தூக்கினார். கடைசியாக, "வயர்மேன், பட்டீஸ்வரன்" என்று படித்து, "இருக்கேன்" என்று தானே சொல்லிக்கொண்டார். அப்போது பதினான்காவது நிமிடம். பழக்கப்படி எல்லாத் தலைகளும் குனிந்தன.

"நிமிருங்க," என்றார் பட்டீஸ்வரன். "இன்னிக்கு எல்லாரும் நிமிந்து பாருங்க. நீங்கதான் சாட்சி."

முதலில் ரங்கநாயகி நிமிர்ந்தார். பிறகு சரசுவதி. பிறகு வையாபுரி.

"சார், மஸ்டர்ல..." என்று ஹரிகோவிந்த் எழுந்தார். மெர்லின் அவர் பக்கம் திரும்பி, "அவர் முடிக்கட்டும். இது அவரோட தேர்வு," என்றார்.

பட்டீஸ்வரன் தாளை மடித்துப் பையில் வைத்தார். அதில் எழுதியிருந்தது அவருக்குத் தாளில்லாமலே தெரியும்.

"பதினோராம் பிரேம். அட்டை ரங்கநாயகியோடது, ஆள் அவங்க இல்ல. 1987 மார்ச் பன்னெண்டு, பகல் ரெண்டு அம்பத்து நாலு, எர்த் வயர் இல்லாத பிரேமைத் தொட்டு இந்த எடத்துல செத்தாங்க. இது எனக்குத் தெரியும். அண்ணன் வந்து கேட்டப்போ பதிவேட்டுல இல்லைன்னு சொன்னவன் நான். வயசு பத்தொம்பது. ஊரு மூலனூர். தகப்பன் பேரு குப்பாண்டி."

தரையில் நீட்டிய கை நீட்டியபடி இருந்தது. அவர் மூச்சை இழுத்து, கூட்டத்தின் கடைசி ஆளுக்கும் கேட்கும்படி, மைக் இல்லாத காலத்தில் கேட்டின் முன்னால் நின்று கூவிய அந்தக் குரலில் சொன்னார்:

"பாவாத்தாள்."